சின்ன விமானம், பெரிய யோசனை

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள், "எனக்கு ஏர்பிரஷ் வேண்டும்" என்று கேட்டால் திகைத்துப் போகாதீர்கள். கொசு மருந்து அடிக்கும் பம்பு இருக்கிறதே, அதற்குப் படித்த தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்ந்து வரும் காற்று வண்ணத்தை இழுத்துப் பனித் தூறலாகத் தெளிக்கும். அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. 1965 யுத்தத்தில் பெயர் வாங்கிய 'நாட்' விமானத்தை, 72-ல் ஒரு பங்கு அளவில் செய்கிறான். இறக்கையின் அகலம் முனைக்கு முனை 9 சென்டிமீட்டர் சொச்சம்! இதற்கு ஏன் இத்தனை ஆடம்பரம் என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தூரிகை அரை மில்லிமீட்டர் தடிப்பு விட்டுப் போனால், நிஜ விமானத்தில் அது 36 மில்லிமீட்டர் வரப்பு!

"சித்தி, உண்டியல் காசு பூராவும் இதுக்குத்தான். எதை வாங்கட்டும்?" என்றான் அவன். அக்காளோ டெலிபோனைப் பிடுங்கி, "ஏட்டி, எங்க அத்தைக்கு இளைப்பு இருக்குல்லா! வீட்டுக்குள்ள பெயின்ட் அடிச்சா என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கு விடை இது: விசையை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம் என்று இரட்டை வேலை செய்யும் ரகமே நல்லது. கோலமாவை விரலிடுக்கில் கூட்டிக் குறைத்து விடுகிறோமே, அந்தப் பக்குவம் அதில் கைக்கு வரும். கிண்ணம் மேலே இருக்கட்டும். வண்ணம் தானே இறங்கும், கொஞ்சமே போதும். முனைத் துவாரம் 0.3 மில்லிமீட்டர். 0.2 சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், 0.5 அகலமான பரப்புக்கே சரி.

கருவியிலேயே காசு முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். காற்றுத் தொட்டியும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் உள்ள கம்ப்ரஸருக்கு மிச்சம் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தம் போதும். வண்ணம் பால் பதத்தில் இருக்கட்டும்.

அக்காளின் கேள்விதான் பெரிது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் தின்னர் நெடி இல்லை. ஆனால் தூறல் தூறல்தானே? அது நெஞ்சுக்குள் போகக் கூடாது. ஆகவே பையனுக்கு நல்ல முகமூடி. இடம், காற்றோட்டமுள்ள பின்கட்டு. நேரம், பாட்டி வாசல் திண்ணையில் இருக்கும் நேரம். இந்த மூன்றுக்கும் சம்மதித்தால்தான் கருவி என்று சொல்லிவிட்டேன். சம்மதித்தான்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்தவுடன் ஊசியைக் கழற்றிக் கழுவாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஏர்பிரஷும் மறுநாள் அடைத்துக்கொள்ளும். ஆகையால், சாப்பிட்ட தட்டை உங்கள் பிள்ளை தானே கழுவி வைக்கிறானா என்று முதலில் ஒரு மாதம் பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்!