மணல் யாருடையது?



சென்ற வாரம் விடியற்காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அலையோரத்தில் தேங்காய் நெற்று ஒன்று கிடந்தது. ஏறிவந்த அலை அதை வடக்கு நோக்கிச் சாய்வாகக் கரையேற்றியது. வடிந்த நீர் அதை நேராகக் கீழே இழுத்தது. அடுத்த அலை மறுபடியும் சாய்வாக ஏற்றியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த நெற்றோ, சிறிது நேரத்தில் சாந்தோம் பேராலயம் இருக்கும் திசையில் வெகுதூரம் போய்விட்டது.

மணலும் இப்படியே பயணம் செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் அதை வடக்கே கொண்டுசெல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அதைத் தெற்கே திருப்புகிறது. ஆயினும் வடக்கே போகும் மாதங்களே அதிகம். ஆகவே ஆண்டின் முடிவில் கணக்குப் பார்த்தால், மணல் வடக்கே நகர்ந்திருக்கும். நம் காலடியில் கிடப்பது தெற்கேயிருந்து வந்தது. வடக்கே போக வேண்டியது.

1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அவற்றுக்குத் தெற்கே தங்கியது; கரை அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே உலாவுசாலை அமைத்து, மெரினா என்று பெயரிட்டார். துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் முதலான கரைகளில் அலை வழக்கம்போல மணலை எடுத்துச் சென்றது. ஈடாக வர வேண்டிய மணல் வரவில்லை. கரை தேய்ந்தது. வீடுகள் கடலுக்குள் போயின. இன்று அங்கே பல இடங்களில், கொட்டிவைத்த பாறைகளே கரையாக இருக்கின்றன.

இவற்றை நான் படித்திருந்தேன். ஆனால் அதன் பொருளை உணர்த்தியவர் எங்கள் சபையின் மூதாட்டி ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன், மணல்மேல் வீடு கட்டியவனைக் குறித்த உவமையைப் பிரசங்கித்தேன். அவனுடைய மதியீனத்தை விரிவாக எடுத்துரைத்தேன். சீனிவாசபுரத்தில் அலைக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்கள் என் எதிரிலேயே அமர்ந்திருந்தார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, இராயபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த அந்த அம்மா என் அருகில் வந்தார்.

“ஐயா, எங்கப்பா வீடு கட்டினப்ப முன்னாடி பெரிய கரை இருந்துச்சு. கட்டுமரம் ஏத்தி வச்சு, வலையும் காயப்போட்டு, அதுக்கு மேலயும் நாங்க ஓடி விளையாட இடம் இருந்துச்சு. அவரு புத்தியில்லாமயா கட்டினாரு?”

என்னிடம் பதில் இல்லை. அவருடைய தகப்பனார் தவறு செய்யவில்லை. அவருக்கு வர வேண்டிய மணல் வேறோரிடத்தில் தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்ட அந்த மணலில்தான் நான் பல மாலைகள் பிள்ளைகளோடு அமர்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். அந்த அகலமான கரைக்காகக் கர்த்தருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

இழந்தவனைப் பார்த்து, ‘நீ எங்கே தவறினாய்?’ என்று கேட்பது எளிது. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள், நானும் செய்தேன். உவமை நம் செவிகொடுத்தலையும் கீழ்ப்படிதலையும் சோதிக்கத் தரப்பட்டது. அயலானின் இடிந்த சுவரை அளக்க அது தரப்படவில்லை.

அடுத்த ஞாயிறு அதே பீடத்திலிருந்து மன்னிப்புக் கேட்டேன். வாசலில் அந்த அம்மா, “சரிங்கய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்பானவர்களே, நம்மிடம் நிறைந்து கிடக்கும் நன்மைகளுக்காகத் துதிக்கும்போது, அவற்றில் எது நம்மிடம் தங்குவதற்காக வந்தது, எது நம்மைக் கடந்து இன்னொருவரிடம் போக வேண்டியது என்றும் இந்த வாரம் கேட்டுப் பார்ப்போமா?

கர்த்தாவே, நாங்கள் அறிந்தும் அறியாமலும் எழுப்பிய தடுப்புகளை எங்களுக்குக் காட்டும். ஆமென்.