கட்டமில்லாத வித்தை

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் பழைய ஆட்டக் கணக்குகளைப் புரட்டிப் பார்ப்பது, வேறு துர்ப்பழக்கம் எதுவும் மிஞ்சியிராத இந்த வயதில் எனக்கு வாய்த்திருக்கும் பொழுதுபோக்கு. அவற்றில் 1973-74 பருவத்துக்கு முற்பட்ட எந்த ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டாலும், எதிரி கூடையை நோக்கி எறிந்த பந்தை ஆகாயத்திலேயே கைநீட்டி மறித்த ‘பிளாக்’ எத்தனை, பிறர் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்த ‘ஸ்டீல்’ எத்தனை என்ற இரண்டு கட்டங்கள் மாத்திரம் வெறுமையாக இருக்கும். பூஜ்யம்கூட இராது. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை என்று பொருள். வெறுமை என்றாலோ எண்ணவேண்டும் என்றே ஒருவருக்கும் தோன்றவில்லை என்று பொருள். துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து, கப்பலின் ஹேட்சிலிருந்து ஸ்லிங்கில் தொங்கி இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணியே தலைமயிர் நரைத்துப்போன ஒருவனுக்கு இந்த பேதம் அற்பமானதாகத் தோன்றாது.

பாஸ்டன் அணியின் பில் ரஸ்ஸல் 13 பருவங்கள் ஆடினார். அவற்றில் 11 முறை அந்த அணி சாம்பியன் பட்டம் வென்றது. அத்தனை வெற்றிக்கும் ஆதாரம் எதிரிகளின் பந்தை மறித்த அவருடைய இடது கையே என்று உலகம் ஒருமுகமாக ஒப்புக்கொள்கிறது. ஆயினும் 1969இல் ஓய்வு பெற்றுவிட்ட அம்மகானுபாவரின் பெயரில் அதிகாரபூர்வமான பிளாக் ஒன்றுகூடக் கிடையாது. இருக்கட்டும்; ரஸ்ஸலுக்காக நான் பரிந்து பேசவேண்டிய அவசியம் இல்லை, பதினொரு பட்டங்கள் பேசிக்கொள்ளும். பட்டமும் இல்லாமல், பத்து வருஷ காலம் கட்டமும் இல்லாமல் ஆடித் தீர்த்த நேட் தர்மண்ட் என்பவர்மீதுதான் என் மனம் சாய்கிறது.

தர்மண்ட் 1941இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிறந்தார். அந்நகரம் ரப்பர் டயர் உற்பத்திக்கு உலகெங்கும் பேர்போனது, எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையின் வாசனை காற்றில் கலந்து வர, அதையே ஊரின் சுபாவமான வாசனை என்று எண்ணி வளர்ந்த திருவொற்றியூர்க்காரனாகிய எனக்கு ஆக்ரன் என்ற பெயரைக் கேட்டவுடனே ஒரு பங்காளி பாத்தியதை உண்டாகிவிடுகிறது. ஆறடி பதினோரங்குல உயரமுள்ள அவர் 1963இல் ஸான் பிரான்ஸிஸ்கோ வாரியர்ஸ் அணியில் சேர்ந்தபோது, சென்டர் ஸ்தானத்தில் வில்ட் சேம்பர்லைன் என்னும் மலை நின்றுகொண்டிருந்தது. ஆகவே இவர் ஓரமாக ஒதுங்கி ஃபார்வர்டாக ஆடினார். 1965 ஜனவரியில் சேம்பர்லைன் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபின் ஸ்தானம் இவருக்குக் கிட்டியது. இரண்டே வருஷத்தில் அதே சேம்பர்லைனின் ஃபிலடெல்ஃபியா அணியிடம் இறுதித் தொடரில் தோற்றும் போனார். வாழ்நாள் சராசரி, ஆட்டத்துக்குப் பதினைந்து புள்ளி, கூடையில் விழாமல் திரும்பிய பந்தைக் கைப்பற்றும் ‘ரீபவுண்டு’ பதினைந்து. மத்திமமான மனிதர் என்று நினைக்கத் தோன்றும், இந்த எண்களோடு நிறுத்திக்கொண்டால்.

எண்களை விட்டு ஆட்டத்துக்கு வருவோம். அக்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பாரின் ‘ஸ்கை ஹூக்’ என்ற எறிதலுக்கு மாற்று மருந்து இல்லை என்பது ஸித்தாந்தம். கூடைக்கு முதுகு காட்டி நிற்பார். பந்து கைக்கு வந்ததும் தோளை ஒருபுறம் திருப்பி, எதிரியைத் தன் உடம்பின் அந்தப் பக்கத்தில் விட்டுவிட்டு, இந்தப் பக்கத்துக் கையை வானத்துக்கு உயர்த்தி அங்கிருந்து பந்தை வழுக்கி விடுவார். அதை எட்டிப் பிடிக்கப் புறப்பட்ட கைகளெல்லாம் காற்றைத் துழாவித் திரும்பின. தர்மண்டும் எட்டிப் பிடித்தாரில்லை. அவர் கண்டுபிடித்த உபாயம் வேறு. பந்து கரீமின் கைக்கு வருவதற்கு முன்னமேயே, கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, தன் தொடையின் பலத்தால் கரீமை அவருக்குப் பிரியமான இடத்திலிருந்து ஓரடி, ஈரடி அப்பால் நிற்கும்படி செய்துவிடுவார். எறிதல் அதே எறிதல்தான், தூரம் மாத்திரம் வேறு. பொய்ச் சைகைக்கு ஏமாந்து முன்கூட்டிக் குதிக்கிற வழக்கமும் அவருக்கில்லை; பந்து கையை விட்டுக் கிளம்பும்வரை தரையை விட்டுக் கிளம்பமாட்டார். 1973ஆம் வருஷத்துப் பிளேஆஃபில், பருவம் முழுதும் ஆட்டத்துக்கு 30 புள்ளி எடுத்துவந்த கரீம், தர்மண்டின் எதிரில் 23ஐ எட்டவில்லை. 60 ஆட்டங்களில் ஜெயித்திருந்த கரீமின் மில்வாக்கி அணி, 47 மாத்திரமே ஜெயித்திருந்த வாரியர்ஸிடம் ஆறு ஆட்டத்தில் வீழ்ந்தது. தம்மை எதிர்த்து ஆடியவர்களில் தர்மண்டுக்கு இணையில்லை என்று கரீமே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த ஈரடிக்கு எந்தக் கணக்கேட்டில் கட்டம் உண்டு? பிளாக்குக்குக் கட்டம் போட்டபின்னும் இதற்கு இல்லை. கணக்கில் கரீம் பந்தைத் தவறவிட்டதாகத்தான் இருக்கும். தவறவைத்தவர் யார் என்பது இராது.

இதை நான் இத்தனை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில், எங்கள் பகுதித் தொழிற்சாலை அணிகளுக்குள் சாயங்கால வேளைகளில் கூடைப்பந்துப் போட்டிகள் நடப்பதுண்டு. மூட்டை எண்ணுகிறவன்தானே, புள்ளி எண்ணமாட்டானா என்று என்னை ஸ்கோர் மேஜையில் உட்காரவைத்துவிடுவார்கள். சிமெண்டுத் தரை, நான்கு மூலையிலும் கம்பம் நட்டுக் கட்டிய விளக்குகள், கிழக்கே கடற்காற்று, மேற்கே மணலி திக்கிலிருந்து வரும் சுத்திகரிப்பு ஆலையின் நெடி, இரண்டும் மைதானத்தின் நடுவில் சந்தித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில், எதிரணிக்காகக் கல்லூரிப் பையன் ஒருவன் வந்திருந்தான். அழகாக எறிவான். பந்து வளையத்தைத் தொடாமல் வலையை மாத்திரம் அசைத்துக்கொண்டு இறங்கும். வேடிக்கை பார்க்க வந்த ஷிஃப்டு முடிந்த தொழிலாளர்கள் எதிரணி என்பதையும் மறந்து விசிலடிப்பார்கள். அவனைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் அணியில் லேத்தில் வேலை பார்த்த, நாற்பதை நெருங்கிய ஒரு மனிதருக்கு விடப்பட்டது. குள்ளமல்ல, அப்படியொன்றும் உயரமுமல்ல. எண்ணெய்க் கறை போகாத விரல்கள். பந்தை அவர் கையில் கொடுத்தால் சுடுகிற பாத்திரத்தைப் போல உடனே வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்.

அந்த மனிதர் அன்று செய்த காரியத்தை வர்ணிப்பது கடினம், ஏனெனில் வர்ணிக்கத்தக்கதாக ஒன்றும் நிகழவில்லை. பையன் வலப்பக்கம் போக நினைக்கும்போது அங்கே அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைப் போன்ற முகபாவத்துடன். பையன் நின்றால் நிற்பார். அவன் பந்து கேட்டுக் கை நீட்டினால், அந்தக் கைக்கும் பந்துக்கும் இடையில் இவருடைய முன்னங்கை சும்மா நீண்டிருக்கும். கண் பந்தின்மேல் இராது, பையனுடைய இடுப்பின்மேல் இருக்கும். கண்ணும் தோளும் தலையும் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது என்பது அவர் அனுபவம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் பாதி முடிவதற்குள் பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் அவன் எறிந்தவை எல்லாம் கோபத்தில் எறிந்தவை. நாங்கள் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து கையெழுத்துக்காக ஸ்கோர் ஷீட்டைத் திருப்பியபோது அந்த லேத்துக்காரரின் பெயருக்கு எதிரில் இருந்ததெல்லாம் நான்கு பெருக்கல் குறிகள். நான்கு ‘ஃபவுல்’. நம் ஊரில் வழங்கும் ஷீட்டில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றி இரண்டே சமாசாரங்களுக்குத்தான் இடம்: எத்தனை புள்ளி போட்டார், எத்தனை ஃபவுல் செய்தார். ஐந்தாவது ஃபவுலில் வெளியே போகவேண்டும். ஆக, எதிரியை மறிப்பதையே தொழிலாகக் கொண்டவன் சரித்திரத்தில் தலைகாட்ட வேண்டுமானால் குற்றவாளியாகத்தான் தலைகாட்ட முடியும். ஒழுங்காக மறித்தவற்றுக்கு அத்தாட்சி இல்லை, ஒழுங்கு தப்பி மறித்தவற்றுக்கு மாத்திரம் உண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால், இன்னார் இன்னாரை இப்படித் தடுத்தார் என்று ஒரு வரி எழுதினேன். அம்பயர் அதைப் பார்த்துவிட்டு, “சார், இது கமெண்ட்ரி எழுதற இடம் இல்ல” என்று சொல்லி ரப்பரை என் பக்கம் தள்ளினார். அழித்தேன். ஆனாலும் அம்பயரை நான் இன்னும் மன்னித்தபாடில்லை.

இந்த விளையாட்டு சென்னையில் வேரூன்றிய வரலாற்றிலும் ஒரு ரஸம் இருக்கிறது. 1920இல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்த ஹாரி குரோ பக் படித்தது ஸ்பிரிங்ஃபீல்டில். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில்தான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக் கூடைகள் இரண்டை உயரே மாட்டி, பதினெட்டு மாணவர்களை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை என்பர். கூடை போட்டவருடைய பெயரைக்கூடச் சரித்திரம் காப்பாற்றி வைத்திருக்கிறது. மற்றப் பதினேழு பேர் அன்று என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? மறித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

மறிப்பது என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்குத் துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவர் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகள் சரக்கையும் மனிதர்களையும் நனைத்து நனைத்துக் கரை சேர்த்த காலம் ஒன்று இருந்தது. 1876இல் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டத் தொடங்கினார்கள்; 1881 நவம்பரில் அடித்த புயல் அக்கைகளை முறித்துப் போட்டது; மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாசலில் அலையும் மணலும் புகுந்துகொண்டேயிருந்தபடியால், 1904இல் பொறுப்பேற்ற ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை அடைத்துவிட்டு வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார். யோசித்துப் பார்த்தால் அது சுத்தமான தர்மண்ட் உபாயம்தான்: வருகிறவனைத் தடுக்க முடியாவிட்டால், அவன் வருகிற கோணத்தை மாற்று. சுவருக்கு உட்புறம் தொட்டித் தண்ணீர் போல அசையாமல் கிடந்த கடலில்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேல் மூட்டை எண்ணினேன். நிம்மதியாக எண்ண முடிந்ததற்கு அந்தக் கல்லே காரணம் என்பது ஒருநாளும் டேலி ஷீட்டில் ஏறியதில்லை.

ஆனால் இந்தத் தடுப்பில் ஒரு தோஷமும் உண்டு, அதை மறைப்பது நியாயமல்ல. வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துசெல்லும் மணலைத் துறைமுகத்தின் கை பிடித்து நிறுத்திவிட்டது. தெற்கே மெரீனா அகன்று, சுண்டலும் காதலும் விற்கும் பெரு மைதானமாயிற்று. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகள் மணல் வரத்து இல்லாமல் அரிபட்டு, தெருத் தெருவாகக் கடலுக்குள் போயின. இப்போது எங்கள் பக்கத்தில் கருங்கல் கொட்டி, தூண்டில் வளைவு போட்டு, அந்தத் தூண்டில் வளைவு அதற்கும் வடக்கேயுள்ளவனுடைய மணலைப் பிடித்து வைத்துக்கொள்ள, அவன் தனக்கும் ஒன்று கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தடுக்கிறவன் தன் வாசலைக் காப்பதற்காக அடியை அடுத்தவன் வாசலுக்குத் தள்ளிவிடுவது, கல்லுக்கு மாத்திரம் உரிய குணம் அல்ல. கூடைப்பந்திலும் அப்படிப்பட்ட கீர்த்திமான்கள் உண்டு: பந்தைப் பறிக்கிறேன் என்று தாவிப் பாய்வார்கள்; பறித்தால் ஸ்டீல் என்று ஒன்று அவர்கள் கணக்கில் ஏறும்; பறிக்காவிட்டால், அவர்கள் விட்டுவிட்டு வந்த ஆள் கூடைவரை தடையின்றிப் போவான், பழி பின்னால் நின்ற தோழன்மேல் விழும். எண்ண ஆரம்பித்ததனால் வந்த வினை இது என்றுகூடச் சில சமயம் எனக்குத் தோன்றும். எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் மனிதன் எண்ணப்படுவதையே செய்ய ஆரம்பித்துவிடுகிறான். தர்மண்டிடம் நான் வியப்பது, அவர் தம் அடியை யாருக்கும் தள்ளிவிடவில்லை என்பதைத்தான். தோழர்கள் விட்டுவிட்டு வந்த ஆட்களையும் சேர்த்து அவரே வாங்கிக்கொண்டார். முழங்கால்கள் அதற்கு விலை கொடுத்தன.

1974இல் வாரியர்ஸ் அவரை சிகாகோவுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் கிளிஃபர்ட் ரே என்ற இளைஞரை வாங்கிக்கொண்டது. அக்டோபர் 18ஆம் தேதி, புதிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, அட்லாண்டாவுக்கு எதிராக 22 புள்ளி, 14 ரீபவுண்டு, தோழர் கூடை போடப் பந்து கொடுத்த ‘அசிஸ்ட்’ 13, 12 பிளாக் என்று நான்கு கட்டங்களில் இரட்டை இலக்கம் எடுத்தார்; அந்த லீக்கில் அதற்குமுன் எவர் கணக்கிலும் பதிவாகாத சாதனை அது. அப்போது அவருக்கு 33 வயது. நான்காவது கட்டத்தைப் போட ஆரம்பித்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. அவர் கால்கள் நன்றாயிருந்த பத்து வருஷங்களில் இதைப்போல் எத்தனை இரவுகள் மூன்று கட்டத்தோடு முடிந்துபோயினவோ!

அந்தப் பருவத்தின் முடிவில், 1975இல், அவரை அனுப்பிவிட்ட வாரியர்ஸ் சாம்பியன் பட்டம் வென்றது. காசிமேட்டில் இருக்கும் என் பழைய சிநேகிதர், விஞ்ச் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், இதைக் கேட்டுவிட்டு, “ஆளு போன வருசமே கப்பு வந்துச்சின்னா, அந்தாளு இன்னாத்துக்கு?” என்கிறார். பத்து வருஷமாக ஒரு மனிதர் அஸ்திவாரம் போட்டார் என்கிறேன் நான். அஸ்திவாரத்துக்கு யார் கப்பு கொடுப்பார்கள் என்கிறார் அவர். 1985இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், வாரியர்ஸும், பின்னால் அவர் ஆடிய கிளீவ்லண்ட் அணியும் அவருடைய 42ஆம் எண் சட்டையை வேறொருவருக்கும் கொடுப்பதில்லை என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். சட்டையை மடித்து வைத்தால் போதுமா என்று அதற்கும் ஒரு கேள்வி. ஆகவே இவ்விஷயத்தை நாங்கள் இப்போது பிரஸ்தாபிப்பதில்லை. மத்தியானத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் கேரம் மாத்திரம் ஆடுகிறோம். ரெட்டையும் ஃபாலோவையும் ஒரே மூச்சில் போட்டுவிடவேண்டும் என்பது அவர் வேட்கை. அவருடைய காய்க்கும் பாக்கெட்டுக்கும் இடையில் என் காய் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தி வைப்பது என் சுபாவம். “இன்னா கணக்கப்புள்ள, ஆட மாட்டேன்ற, மறிச்சிக்கினே கீற!” என்று அவர் சத்தம் போடுகிறார்; நான் பவுடரைத் தூவிவிட்டு அடுத்த காயைப் பார்க்கிறேன்.