தெருவின் மகள்

நோய்க்கு அஞ்சார் நம் மக்கள். ஒருநாள் கூலி போவதற்கே அஞ்சுவர். சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளி மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்று அடுப்பு எரியாது! ஆதலின், மருத்துவமே அவர் வாயிலுக்கு வரல் வேண்டும்.

2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவ்வழி வந்ததே. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கின்றனர், மாத்திரை தருகின்றனர்.

நம் மாணவி ஒருத்தியின் தாய், வீட்டுத் திண்ணையில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டியவர், இன்று அப்பணியில் பயிற்சி பெறுகிறார். மருந்துகளின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எழுதித் தருமாறு நம்மிடம் கேட்டார், எழுதித் தந்தோம். “140-க்கு 90-ஐத் தாண்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் சார், மாத்திரையை நாமாகக் கூட்டக் கூடாது” என்று அவர் நமக்கே பாடம் சொன்னார்!

மந்திரித்த கயிற்றையே நம்பியிருந்த மூதாட்டி, தன் தெருவின் மகள் கேட்டதும் கை நீட்டினாள். வெள்ளை அங்கியால் ஆகாததை உறவு செய்தது.

ஆயினும், இவருக்குப் பெயர் தன்னார்வலர், கிடைப்பது ஊக்கத்தொகை. உயிர் காக்கும் உழைப்பைத் தொண்டு என்று போற்றிவிட்டு, உரிய ஊதியத்தை மறுப்பது அறமாகுமோ? நாடு பதில் சொல்லட்டும்!