சுவரில் எழுதியிருந்த பெயர்

அம்பேத்கர் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் எங்கள் விடுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. ஆறாவது, ஏழாவது படித்தபோது எடுத்தது. முன்வரிசையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் நாற்காலியில் வார்டன். பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் 'அரசு ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதி'.

எங்களில் பாதிப் பேருக்கு அதற்கு முந்தைய வயதில் ஒரு படம்கூடக் கிடையாது. வீட்டில் கேமரா இல்லை, ஸ்டுடியோவுக்குப் போகக் காசும் இல்லை. ஏப்ரல் 14 அன்று அதை ஃபேஸ்புக்கில் போடுவோம், அவரவர் இப்போது என்ன செய்கிறோம் என்று கீழே எழுதுவோம் என்று குழுவில் முடிவானது.

அன்று இரவு எங்களுக்கு ஒரு வகுப்பு இளையவர் தனியாகப் போன் செய்தார். "அண்ணே, அந்தப் படத்தப் போட வேணாம்ணே. ஹவுஸ் ஓனரோட பையன் எனக்கு ஃப்ரெண்டா இருக்கான்." அவர் பெருநகரம் ஒன்றில் வேலை பார்க்கிறார். வீடு கேட்டு அலைந்த நான்கு மாதத்தில், எந்த ஊர், எந்தத் தெரு, கறி சமைப்பீர்களா என்று கேட்டவர்களிடமெல்லாம் பேசிக் களைத்துப்போய், ஐந்தாவது வீட்டில் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்களுக்குள் சண்டை வந்தது. ஒளிந்து வாழ்வதா அம்பேத்கரியம் என்றார் ஒருவர். சொந்த வீட்டில் இருப்பவர் அப்படித்தான் பேசுவார் என்றார் இன்னொருவர். எங்கள் படம், எங்கள் முகம், போடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் கடைசியில் நின்ற கேள்வி. அதனால் சட்டத்தைப் புரட்டினோம்.

படத்தில் இருப்பதால் படம் நம்முடையதாகிவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் வேறொருவர் என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர். 2012 திருத்தத்துக்குப் பின் இந்த உரிமை எடுத்தவரின் ஆயுளோடும் அதற்கு மேல் 60 ஆண்டுகளோடும் நீள்கிறது. எங்கள் படத்தை எடுக்கச் சொன்னது வார்டன். ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்தது நாங்கள். உரிமை யாருக்கு? வழக்குப் போட யாரும் வரப்போவதில்லை. அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது ரீசார்ஜ் கடை இருக்கிறது.

அடுத்தது அந்தரங்கம். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் குடும்பம், திருமணம், கல்வி போன்றவை பற்றி அவர் சம்மதமின்றி மற்றவர் வெளியிடக் கூடாது என்றது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். எங்கள் தம்பிக்கு இவை துணை நிற்கக்கூடும். ஆனால் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2019 மசோதாவில் 'உணர்வுப்பூர்வமான தகவல்' என்றொரு பட்டியல் இருந்தது. அதில் உடல்நலத்தோடு சாதியும் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. தனிநபர் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவதற்கு அந்தச் சட்டம் பொருந்தவும் செய்யாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். படத்தின் கீழே சாதியைச் சொல்லி ஒருவன் இழிவாக எழுதினால் புகார் கொடுக்கலாம். ஆனால் ஹவுஸ் ஓனர் அப்படி எதுவும் எழுத மாட்டார். "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம் தம்பி, வீடு வேணும்" என்பார். இதற்கு எந்தப் பிரிவில் புகார் எழுதுவது?

இந்த விடுதிகளை இனி 'சமூக நீதி விடுதி' என்றழைப்பதாக 2025-ல் அரசு அறிவித்தது. நல்லதுதான். பழைய படத்தில் பழைய பெயர்தானே இருக்கிறது?

எங்களில் ஒருவரின் கதை இன்னும் கசப்பானது. ஒன்பது வயதில் ஒரு தொண்டு நிறுவனத்தார் அவரை மேல்சட்டையில்லாமல், கையில் எண் எழுதிய சிலேட்டோடு படமெடுத்தார்கள். அப்பா ஏதோ தாளில் கைநாட்டு வைத்தாராம். இருபது ஆண்டு கழித்து நன்கொடை கேட்கும் அவர்கள் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தை அவரே பார்த்தார். எடுத்துவிடச் சொல்லி எழுதினார். பதில் வந்தது: படத்தின் தெளிவான பிரதி இணைக்கப்பட்டுள்ளது, பகிரும்போது எங்கள் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவும். தன் சிறுவயதுப் படம் அவரிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அந்த மின்னஞ்சலை அழிக்கவும் அவரால் முடியவில்லை.

விடுதிப் படத்துக்கு வருவோம். சுவரை வெட்டிவிட்டுப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எங்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெயரில்லாமல் அது ஏதோ ஒரு பள்ளிப் படம். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் தேடிக் கேட்பது என்று முடிவெடுத்தோம். 38 பேரில் 29 பேர் கிடைத்தார்கள். இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவரின் மனைவி "போடுங்க, எம் பையன் பாக்கட்டும்" என்றார். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை.

ஏப்ரல் 14-க்குப் படம் போடவில்லை. பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கூரியரில் அனுப்பினோம். முதலில் முகவரி அனுப்பியது அந்தத் தம்பிதான். ஆபீஸ் முகவரி வேண்டாம், ஊரில் அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.