மாடம்பாக்கத்தில் ஒரு மண் பெட்டி

தாம்பரம் கிழக்கில் பஸ் ஏறி, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினால் மாடம்பாக்கம். நாத்தனார் வீடு அங்கேதான். லீவுக்கு என் ஏழு வயது மகளோடு போயிருந்தேன். "எழுத ரொம்ப நேரம் எடுக்கிறாள்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்ததால், வழியெல்லாம் அவளுக்கு என்னிடம் அர்ச்சனை!

அங்கே மாடி நிழலில் நாத்தனார் மண் பிசைந்துகொண்டிருந்தார்.

"சக்கரம் எங்கே அக்கா?"

"சக்கரமே வேண்டாம்மா. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டு. வட்டமா ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கு. ஒட்டற இடத்தைக் கீறி, குழைச்ச மண்ணைத் தடவி, விரலால் இழைச்சுவிடு. அவ்வளவுதான்!"

சப்பாத்தி போல் தேய்த்த மண்ணில் பூவரச இலையை அழுத்தி எடுத்தார். நரம்பு நரம்பாக அழகான தட்டு! புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் பார்த்து வந்ததில் பிறந்த ஆசையாம். 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கத் தம்பதி தொடங்கிய இடம் அது.

மாலையில் தேனுபுரீஸ்வரர் கோவிலுக்குப் போனோம். சோழர் காலத்துக் கோவில். கருவறையின் பின்புறம் வளைந்திருக்கும். 'தூங்கானை மாடம்' என்பார்கள். "அம்மா, யானை படுத்திருக்கு!" என்றாள் மகள். மறுநாள் அதே வளைவில், நாலு கால் வைத்து ஒரு மண் பெட்டி செய்தாள்.

எனக்கு ஆச்சரியம். பக்கத்துப் பல்லாவரத்தில் 1880-களில் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டியபோது, கால் வைத்த சுடுமண் ஈமப் பெட்டி கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கைவேலை அது!

சீக்கிரம் காயட்டுமே என்று பெட்டியை வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பெரிய விரிசல். குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள்.

"வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும். இழுபட்டு விரியத்தானே செய்யும்? துணி மூடி நிழலில் ஒரு வாரம் வை. அவசரப்படுத்தினால் மண்ணும் தாங்காது, குழந்தையும் தாங்காது" என்றார் நாத்தனார். சுருக்கென்றது.

சகோதரிகளே, ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் கிளேஸ் பூச்சில் காரீயம் இருக்கலாம். காரீயம் கலக்காதது என்று தெரியாவிட்டால், அதில் ரசம், ஊறுகாய் வைக்காதீர்கள். புளிப்பில் அது கரைந்து இறங்கும். குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது.

விரிந்த பெட்டி என்ன ஆயிற்று? சுடாத மண்தானே! தண்ணீரில் ஊறப்போட்டோம். குழைந்து பழையபடி மண்ணாயிற்று. மகள் மறுபடி உருட்ட ஆரம்பித்தாள், மெதுவாக. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், வாயைத் திறக்காமல்!