மூடிக்கு மேல் டைல்ஸ்

செப்டிக் டேங்கில் இறங்கிய ஒருவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் செத்துப்போவார். இந்தச் செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! உறிஞ்சும் லாரிதான் தெருவுக்குத் தெரு வருகிறதே, பிறகு ஆள் ஏன் இறங்க வேண்டியிருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள, நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்திய கழிவுநீர் லாரிக்காரரோடு மதுராந்தகம் பக்கம் ஒரு நாள் சுற்றினேன்.

வாக்குவம் பம்ப் எப்படி இழுக்கிறது என்று அவர் விளக்கியதில் பாதி, எஞ்சின் இரைச்சலில் காதில் விழவில்லை. என் கண் அவர் கையில் இருந்த கடப்பாரை மேலேயே இருந்தது.

போன வீட்டில் டேங்க் எங்கே என்று வீட்டம்மாவுக்கே தெரியவில்லை. கார் நிறுத்தும் இடம் முழுக்க டைல்ஸ். கடப்பாரையின் மொட்டை முனையால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனார். "டொக்குன்னா மண்ணு சார், தொம்முன்னா டேங்க்." தொம்மென்ற இடத்தில் டைல்ஸை உடைத்து, ஸ்லாபை நெம்பித் தள்ளிவிட்டு விலகி நின்றார். உதவியாளர் பீடியை அணைத்தார். உள்ளே மீத்தேன் இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். முதலில் அழுகிய முட்டை போல நாறும், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவன் திரும்புவதில்லை.

மேலே கெட்டியாக ஆடை படிந்திருந்தது. மூங்கிலால் அதைக் குத்தி உடைத்து ஓஸை விட்டார்கள். தண்ணீர் சட்டென்று போய்விட்டது. அடியில் சேறு இறுகிக் கிடந்தது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதை, வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை. தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி மறுபடி இழுத்தார்கள்.

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "அடியில இன்னும் இருக்கேப்பா. ஆளை இறக்கி வழிச்சுடேன், சேர்த்துத் தர்றேன்."

தேடி வந்த பதில் கிடைத்துவிட்டது.

"கொஞ்சம் இருக்கணும்மா, அதுல இருக்கிற கிருமிதான் அடுத்து வர்றதை மக்க வைக்கும். ஆளை இறக்குனா கேஸு." உண்மைதான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

லாரிக்காரரும் இறங்கியவர்தான். சின்ன வயதில் அப்பா வாளியில் அள்ளிக் கொடுக்க, மேலே நின்று கயிற்றை இழுத்தார். பிறகு தானே இறங்கினார். குடிக்காமல் இறங்கியதில்லை என்றார். அப்பாவைக் கொன்றதும் அந்தக் குடிதான். இப்போது ஓட்டும் லாரி ஃபைனான்ஸில் வாங்கியது.

கூலியில் முதல் பங்கு, வீட்டம்மாவுக்கு இவர் போன் நம்பர் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத பிளம்பருக்கு. அடுத்து ஃபைனான்ஸ்காரர், டீசல். வீட்டுக்காரர்களாகிய நாமோ டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு இங்கே நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இரவில் ஏரிக்கால்வாயில் திறந்துவிட்டுப் போகும் லாரிகளைத் திட்டும் நாம், அந்த நூறு ரூபாய்தான் சுத்திகரிப்பு நிலையம் வரை போகும் டீசல் என்பதை யோசிப்பதில்லை. இவருக்குப் பக்கத்திலேயே கருங்குழி நிலையம் இருக்கிறது. 2017இல் வந்தது, செப்டிக் டேங்க் கழிவுக்கென்று மாநிலத்தில் முதலாவது. எல்லா ஊருக்கும் அந்த வசதி பக்கத்தில் இல்லை.

அந்த இடத்தில் மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டாம், கைப்பிடி வைத்த மூடி போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கருங்குழி போகும் வழியில் பிளம்பர் போனில் வந்துவிட்டார், தன் பங்கைக் கேட்டு.