ரிவர் ரெய்டும் மலை ரோடும்

இன்னைக்கு மருந்து, மாத்திரை பேச்செல்லாம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். முதல்ல ஒரு பழைய வீடியோ கேம் பத்திப் பேசணும். த்ரெட் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

கேம் பேரு ரிவர் ரெய்டு. மேலேருந்து பார்க்கிற மாதிரி ஒரு ஆறு. நம்ம கிட்ட ஒரு குட்டி விமானம். ஆறு மேலேருந்து கீழே ஓடிக்கிட்டே இருக்கும், நாம எதிர்த்துப் போய்க்கிட்டே இருக்கணும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்த மட்டும் முடியாது. வழியில கப்பல், ஹெலிகாப்டர், பாலம் எல்லாத்தையும் சுடணும். கரையில இடிச்சா காலி. இடையில இடையில ஆத்துல பெட்ரோல் டேங்க் மிதக்கும். அது மேல பறந்தா எரிபொருள் ஏறும். ஆனா அதைச் சுட்டா 80 பாயிண்ட். இங்கதான் மனுஷனோட குணம் தெரியும். கப்பலுக்கு வெறும் 30, ஹெலிகாப்டருக்கு 60. கொஞ்சம் ஆசைப்பட்டு டேங்கைச் சுட்டுட்டா, அடுத்த டேங்க் வர்றதுக்குள்ள எரிபொருள் தீர்ந்து டீ... டீ...ன்னு மணி அடிக்க ஆரம்பிச்சுடும்.

இதை எழுதினது கரோல் ஷான்னு ஒரு பெண். 1982ல ஆக்டிவிஷன் கம்பெனிக்காக, அட்டாரி மெஷினுக்கு. வீடியோ கேம் எழுதின முதல் பெண்கள்ல ஒருத்தர். மொத்த கேமும் 4 கேபி. இப்ப நீங்க காலையில அனுப்புற குட்மார்னிங் படத்துல ஒரு ரோஜா இதழுக்குக்கூட அது பத்தாது. அவ்வளவு சின்ன இடத்துல முழு ஆத்தையும் படமா வரைஞ்சு வைக்க முடியாதில்ல? அந்தம்மா ஒரு வேலை பண்ணாங்க. ஆத்தைச் சேமிச்சு வைக்கலை. ஒரு எண்ணைக் கொடுத்தா அதிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்ததுன்னு பிறக்கிற ஒரு கணக்கை மட்டும் வச்சாங்க. கரை எங்க வளையணும், தீவு எங்க வரணும், டேங்க் எங்க மிதக்கணும், எல்லாம் அந்த எண்கள் சொல்லும். பார்க்க இஷ்டத்துக்கு வர்ற மாதிரி இருக்கும். ஆனா ஆரம்ப எண் ஒண்ணுதான் என்பதால ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாம அதே ஆறு.

இந்த 'அதே ஆறு'ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க. கதையே அதுலதான்.

நாங்க விளையாடினது அட்டாரியில இல்லை. எங்ககிட்ட இருந்தது ஸ்பெக்ட்ரம் பிளஸ். இங்கிலாந்து சின்க்ளேர் கம்பெனியோட டிசைன். நம்ம நாட்டுல பூனாவுல டெசிபெல்ஸ்னு ஒரு கம்பெனி தயாரிச்சு வித்தாங்க. அங்க வேலை பார்த்த சித்தப்பா 1988ல ஒண்ணு வாங்கிட்டு வந்தார். மெமரி 48 கேபி. ஹார்ட் டிஸ்க் கிடையாது, மானிட்டர் கிடையாது. படத்துக்கு வீட்டு டிவி, கேம் ஏத்துறதுக்கு டேப் ரிக்கார்டர்.

ஊர் எதுன்னா, கல்வராயன் மலை வெள்ளிமலை. அப்போ தென்னாற்காடு மாவட்டம். 1993ல விழுப்புரம் ஆச்சு, 2019ல கள்ளக்குறிச்சி ஆச்சு. ஊர் நின்ன இடத்துலதான் நிக்குது, மாவட்டம்தான் நகர்ந்துக்கிட்டே இருக்கு. அப்பா மலையில உண்டு உறைவிடப் பள்ளி வாத்தியார். வீட்டுல ஒரு சின்ன கருப்பு வெள்ளை டிவி. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் தூர்தர்ஷன்ல மழை மட்டும்தான் பெய்யும். அந்த டிவியில தெளிவா தெரிஞ்ச முதல் படம் ரிவர் ரெய்டுதான்னு அம்மா இன்னைக்கும் சொல்வாங்க.

கேம் ஏத்துறது தனி வைபவம். கேசட்டைப் போட்டு பிளே அமுக்கினா கீஈஈஈன்னு ஒரு சத்தம், திரை ஓரத்துல கோடு கோடா ஓடும். நாலஞ்சு நிமிஷம் யாரும் மூச்சு விடக்கூடாது. வால்யூம் ஒரு நூல் கூடினாலும் குறைஞ்சாலும் கடைசியில 'டேப் லோடிங் எரர்'. சரியா ஏறுற இடத்துல அக்காவோட நகப்பாலிஷால ஒரு புள்ளி வச்சிருந்தோம். டேப் ரிக்கார்டர்ல பேட்டரி வீக் ஆனா சத்தமும் இழுவையாயிடும், கேம் ஏறாது. அதுக்கும் மேல மலை கரண்ட். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் பல்பு எரிய ஆரம்பிச்சதும் வோல்டேஜ் இறங்கி டிவி படம் நாலு பக்கமும் சுருங்கும். ஒரு நொடி கரண்ட் போய் வந்தா போச்சு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மறந்துடும். திரும்ப முதல்லேருந்து கீஈஈஈ. கேம் இருந்ததே ஒரு பாட்டு கேசட்டோட பின்பக்கம்தான். நிறுத்த மறந்துட்டா கேம் சத்தம் முடிஞ்சு நேரா நாதஸ்வரம் கிளம்பும்.

என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான். (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் வேண்டாம்னான். சில அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) மலையாளி பழங்குடிப் பையன், அப்பா பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சான். ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டுலதான். அவன் கையில அந்தக் கீபோர்டு போனா வேற மாதிரி. நான் ஹெலிகாப்டரைப் பார்த்துச் சுடுவேன். அவன் ஆத்தைப் பார்த்து ஓட்டுவான். "மூணாவது பாலம் தாண்டினா இடது கை பக்கம் ஒடுங்கும், அப்புறம் தீவு, தீவுக்கு வலது பக்கம்தான் பெட்ரோலு." படம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுவான். ஒரு தடவை பந்தயம் கட்டி, கண்ணை மூடிக்கிட்டு முதல் பாலம் வரைக்கும் போனான். எங்க அப்பா அதைப் பார்த்துட்டு, "இதே மாதிரி பெருக்கல் வாய்ப்பாடும் வந்தா நல்லாருக்கும்"னார். அதுவும் வந்ததுங்கிறதுதான் உண்மை. கணக்குல அவன்தான் முதல்.

எட்டாவதோட நின்னுட்டான். கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்தது. அதுக்கப்புறம்தான் அரசாங்கத்து கைக்கு வந்தது. நிலமும் பட்டாவும் ஒழுங்கா இல்லாத குடும்பங்கள் சீசனுக்குச் சீசன் கீழே கிளம்பும். அவங்க வீடு மொத்தமா கர்நாடகா காபி எஸ்டேட்டுக்குப் போனாங்க. அப்பா அவங்க ஊருக்கு ரெண்டு தடவை நடந்து போய்ப் பேசிப் பார்த்தார். மூணாவது தடவை போனப்போ வீடு பூட்டியிருந்துச்சு. நான் பன்னிரண்டாவது முடிச்சு மெடிக்கல் சேர்ந்தேன். ஸ்பெக்ட்ரம் பரணுக்குப் போச்சு.

நடுவுல ஒரு சின்ன விஷயம். இதே ரிவர் ரெய்டை 1984ல மேற்கு ஜெர்மனியில, பிள்ளைங்களுக்கு விக்கக்கூடாத பட்டியல்ல சேர்த்தாங்க. இதை ஆடினா உடம்பு முறுக்கிக்கும், கோபம் வரும், தலை வலிக்கும்னு காரணம். தலைவலி எங்களுக்கும் வந்துச்சு, சுருங்கின டிவியை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்ததால. இன்னொரு பக்கம், 2007ல அமெரிக்காவுல 33 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. முன்னாடி வாரத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேல வீடியோ கேம் ஆடியிருந்த சர்ஜன்கள், லேப்ராஸ்கோப்பி பயிற்சியில 37 சதவீதம் குறைவா தப்பு பண்ணாங்களாம். ஓ.பி.க்கு வர்ற அம்மாக்கள் இதை வீட்டுல பிள்ளைங்க கிட்ட காட்டாதீங்க. 33 பேர் ஆய்வை வச்சு யாரும் சர்ஜன் ஆகப் போறதில்லை.

சரி, விஷயத்துக்கு வரேன்.

சில வருஷம் முன்னாடி சுகர் பார்க்கணும்னு ஓ.பி.யில வந்து நின்னான். முப்பது வருஷம் கழிச்சு. கூட்டத்துல "வணக்கம் சார்"னான். எல்லாரும் போனதும் "என்னடா டாக்டரு, தொப்பை போட்டுட்ட"ன்னான். எஸ்டேட்லேருந்து திரும்பி வந்து, லோன் போட்டு ஒரு பிக்கப் வண்டி எடுத்திருந்தான். மலையிலேருந்து மரவள்ளிக் கிழங்கு, கடுக்காய் ஏத்திக்கிட்டு கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சி இறக்கம். திரும்பி வர்றப்ப சரக்கோ, சில சமயம் ஆளுங்களோ. அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல கொண்டை ஊசி.

ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தப்போ லேப்டாப்ல எமுலேட்டர் போட்டு ரிவர் ரெய்டைக் காட்டினேன். டேப் வேண்டாம், சத்தம் வேண்டாம், ஒரு கிளிக்ல வந்துடுச்சு. அவன் முதல்ல சொன்னது, "ஆறு நீலமாடா?" நாங்க ரெண்டு பேரும் அந்த ஆத்தைச் சாம்பல் கலர்லதானே பார்த்திருந்தோம்.

ஆட ஆரம்பிச்சான். கரையில ஒரு தடவைகூட இடிக்கலை. தீவு வர்றதுக்கு முன்னாடியே ஒதுங்கறான். முப்பது வருஷத்துக்கு அப்புறம்! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா ஒவ்வொரு உயிரும் ஒரே மாதிரி போகுது. வலது பக்கத்திலேருந்து நகர்ந்து வர்ற ஹெலிகாப்டர், கப்பல். அதுல போய் நேரா மோதறான். "எங்கேருந்துடா வந்துச்சு இது?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்கிறான். மூணு கேம், பத்துப் பன்னிரண்டு விமானம். பாதிக்கு மேல அதே வலது பக்கம்.

எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ சில்லுன்னு ஆச்சு. லேப்டாப்பை மூடி வச்சுட்டு எதிர்ல உட்காரச் சொன்னேன். ஒரு கண்ணை மூடி என் மூக்கைப் பார்க்கச் சொல்லிட்டு, ஓரத்திலேருந்து விரலைக் கொண்டு வந்து எத்தனை விரல்னு கேட்டேன். மெடிக்கல் காலேஜ்ல மூணாவது வருஷமே சொல்லிக் கொடுக்கிற சோதனை, கருவி எதுவும் வேண்டாம். அவனுக்கு என் விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரா வந்த பிறகுதான் தெரிஞ்சுது. ரெண்டு கண்ணும் அப்படித்தான். சுவத்துல தொங்குற காலண்டர் எழுத்தைக் கேட்டா கடகடன்னு படிக்கிறான்.

க்ளாக்கோமா. தமிழ்ல கண் அழுத்த நோய். கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா பட்டுப் போகும். பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரத்துப் பார்வைதான் முதல்ல போகும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிக்கும், அதனால போர்டைப் படிச்சுடுவாங்க. போன பார்வை திரும்பாது. உலகத்துல திரும்ப முடியாத பார்வையிழப்புக்கு முதல் காரணம் இதுதான். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்கள்ல நடந்த பெரிய ஆய்வுகள்ல, இந்த நோய் இருந்தவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல தங்களுக்கு இருக்குன்னே தெரியாம இருந்தாங்க.

இவ்வளவு பார்வையை வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல எப்படிடா ஓட்டினேன்னு கேட்டேன்.

"ரோடு எனக்கு மனப்பாடம்டா."

"ரோடு மனப்பாடம். ரோட்டுல குறுக்க வர்ற மாடு மனப்பாடமா? ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க மனப்பாடமா?"

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு பைக்கை உரசினதையும், சைடு கண்ணாடி ரெண்டு தடவை போனதையும் சொன்னான். எதிர்ல வந்தவங்க தப்புன்னு நினைச்சிருக்கான்.

மறுநாளே கண் டாக்டர்கிட்ட அனுப்பினேன். கண் அழுத்தம் 10லேருந்து 21க்குள்ள இருக்கணும். அவனுக்கு வலது 34, இடது 30. இன்னொரு விஷயமும் அங்கதான் வெளியே வந்துச்சு. ரோட்டுத் தூசிக்குக் கண் எரியுதுன்னு, சீட்டு இல்லாம வாங்கின ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வருஷக்கணக்கா போட்டிருக்கான். அழுத்தம் ஏறினதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்னாங்க. கண்ணு சிவந்தா கடையில கேட்டு சொட்டு மருந்து வாங்குறவங்க இந்தப் பாராவை மட்டுமாவது இன்னொரு தடவை படிங்க.

இப்ப ராத்திரி ஒரு சொட்டு, பகல்ல ரெண்டு வேளை இன்னொண்ணு. அழுத்தம் 16, 17ல நிக்குது. மிச்சமிருக்கிற பார்வையைக் காப்பாத்தத்தான் மருந்து, போனதைக் கொண்டு வர இல்லை. இதை அவனுக்குப் புரிய வைக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. "மருந்து போட்டும் ஒண்ணும் தெளியலையே"ன்னு ரெண்டாவது மாசமே நிறுத்தப் பார்த்தான். எரிபொருள் முள்ளைக் காட்டித்தான் சொன்னேன்: டேங்க் நிரம்பாது, ஆனா இறங்காம நிக்கும்.

வண்டி விஷயம்தான் கஷ்டம். லோன் இன்னும் பாக்கி. ஸ்டியரிங்கை விட மாட்டேன்னு ஒரு வாரம் என்கூடப் பேசவே இல்லை. கடைசியில தம்பி ஓட்டுறான், இவன் பக்கத்துல உட்கார்ந்து சரக்குக் கணக்குப் பார்க்கிறான். வருமானம் ரெண்டாப் பிரியுது, வீட்டுல அதுக்குச் சண்டையும் இருக்கு. அண்ணன் தம்பிக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம்கிறதால தம்பியையும் இழுத்துட்டுப் போய்ப் பார்த்தோம். அவனுக்கு நார்மல். வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்காங்க. உங்க வீட்டுல யாருக்காவது இது இருந்தா, இல்ல உங்களுக்கு நாற்பது தாண்டியிருந்தா, கண்ணாடி பவர் பார்க்கப் போறப்பவே கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. சில நிமிஷ வேலை.

பழைய லேப்டாப் இப்ப அவன்கிட்டதான் இருக்கு. நகர்றதையெல்லாம் பார்க்க இப்போ தலையைத் திருப்பித் திருப்பி ஆடறான், கண் டாக்டர் சொல்லிக் கொடுத்த பழக்கம். நேத்து போன்ல 18,000 தாண்டிட்டேன்னான். சின்ன வயசுல எவ்வளவு எடுத்தேன்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டான். இல்லைன்னேன். அவனுக்கு ஞாபகம் இருக்கு, சொல்ல மாட்டேங்கிறான்.